பத்தாவது நட்டு

நூற்றுத் தொண்ணூறு நட்டு முடிந்துவிட்டது, மிச்சம் பத்து, அந்தப் பத்தும் பாழாய்ப்போன இந்த இடதுபக்கப் பின் சக்கரத்திலா வந்து நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஹவில்தார் தணிகாசலம் ஐந்தாவது லாரிக்குப் பக்கத்தில் முழங்காலை ஊன்றினான். வேறு எந்தச் சக்கரமாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு லாரியிலும் இந்தப் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டு வந்தது அவன்தான், தள்ளுவது தனக்கே தெரியாததுபோல் வைத்துக்கொண்டதும் அவன்தான், அந்தச் சாமர்த்தியத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. மலையில் பன்னிரண்டு மணி வெயில் பிடரியைச் சுட்டது, முழங்காலுக்குக் கீழே இருந்த கல்லோ ஐஸாகக் குளிர்ந்தது, ஒரே உடம்பில் சித்திரையும் மார்கழியும். கீழே ஆறு ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. ஐந்து லாரிகளும் ரோட்டோரம் வரிசையாக நின்றன, உள்ளே மண்ணெண்ணெய் பீப்பாய்களும் கம்பளி உடுப்புகளும், கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கும் காவல் போஸ்டுக்குப் போக வேண்டியவை. கணவாய் கேட்டை இரண்டு மணிக்கு மூடிவிடுவார்கள். முதல் லாரிக்குப் பக்கத்தில் கேப்டன் சௌகான் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், இருபத்தேழு வயசு, மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. காலையில் அவரிடம்தான் சொல்லித் தொலைத்திருந்தான், ஐம்பது கிலோமீட்டர் ஓடின பிறகு நானே பார்க்கிறேன் சார், இருநூறு நட்டில் ஒன்று அசைந்திருந்தாலும் இந்த ஹவில்தார் பட்டையைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று. இந்தியில் சொன்னதால் கொஞ்சம் கூடுதலாகவே வீரமாக வந்துவிட்டது. தமிழில் யோசித்திருந்தால் எங்கேயாவது ஒரு ‘பார்க்கலாம்’ சேர்த்திருப்பான். டார்க் ரெஞ்சைக் கையில் எடுத்தான், கை நீளத்துக்கு இருக்கும் ஸ்பானர், எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துவிட்டால் அளவு வந்ததும் டக் என்று சொல்லி நிறுத்தும். முதல் நட்டின் தலையில் பொருத்தினான். நட்டிலிருந்து சக்கரம்வரை காலையில் அவன் போட்ட சாக்பீஸ் கோடு வெட்டுப்படாமல் நேராக இருந்தது. அழுத்தினான். நட்டு நகரவில்லை. டக்.

ஒன்று. அடுத்தது இதற்கு நேர் எதிரே. பக்கத்து நட்டுக்குப் போகக் கூடாது, எப்போதும் எதிரே, பிறகு அதற்குக் குறுக்கே, அப்போதுதான் சக்கரம் கோணாமல் சமமாக உட்காரும். வட்டமாக ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டு போகிறவனைப் பார்த்தால் தணிகாசலத்துக்கு ரத்தம் கொதிக்கும், சாப்பிட்ட இலையை மடிக்காமல் சுருட்டி வைக்கிறவனைப் பார்ப்பதுபோல. மரையில் எண்ணெய் விடக் கூடாது, துரு இருக்கக் கூடாது, ஸ்பானர் மேல் ஏறி நின்று குதிக்கக் கூடாது. குதித்தால் இறுகும் என்று நினைக்கிறார்கள், போல்ட் உள்ளே இழுபட்டுச் செத்துப்போகும், வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு, டக். கோடு நேராக இருந்தது. மூன்றாவதுக்குக் குறுக்கே போனான். இதையெல்லாம் ராணுவத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். லீவில் குடியாத்தம் போனால் வீட்டில் ஒரு குழாய் விடுவதில்லை, ஒரு மூடி விடுவதில்லை. கேஸ் சிலிண்டரின் திருகைப் படுக்கப் போகுமுன் மூன்று தடவை எழுந்து வந்து பார்ப்பான். “நீ மூடி வெச்ச ஊறுகா பாட்டிலத் தொறக்க எதிர் வூட்டுக்காரரக் கூப்புட வேண்டிக்கீது, இன்னா மனுசன்யா நீ” என்று பெண்டாட்டி தேவகி சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள், ஆனால் ஒருநாள் அவன் குளியலறைக் குழாயை முறுக்கி உடைத்துத் தண்ணீர் பீச்சியடித்து நனைந்து நின்றபோது அவள் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு வந்து, “அதயே இன்னும் எத்தினி வருசம் எண்ணிக்கினு இருப்ப?” என்று மட்டும் கேட்டாள். எண்ணுவது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உதடு அசையாமல்தான் எண்ணுகிறான், அப்படியும் தெரிந்திருக்கிறது. மூன்று. டக்.

எட்டு வருஷம். பிகானேர் பக்கத்து ரோடு, இரண்டு பக்கமும் மணல், இதேபோல் கான்வாய், இதேபோல் இடதுபக்கப் பின் சக்கரம். முந்தினநாள் அந்தச் சக்கரத்தை மாட்டி முறுக்கியவன் அப்போது நாயக்காக இருந்த தணிகாசலம். ஓட்டியவன் வேலாயுதம், காட்டுமன்னார்கோயில்காரன், இவனோடு ஒரே வருஷம் ராணுவத்தில் சேர்ந்தவன், பக்கத்துக் கட்டில். நூறு கிலோமீட்டர் போனதும் சக்கரம் கழன்று லாரியை முந்திக்கொண்டு ஓடியதாம், வேலு அதைப் பார்த்து, யார் வண்டிச் சக்கரம்டா இது என்று கேட்டானாம், ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அதைச் சொல்லிச் சிரித்தான் கடன்காரன். லாரி சாய்ந்ததில் இடது பாதம் போயிற்று. விசாரணையில் மேஜைக்கு அந்தப்பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்து நட்டையும் முறுக்கினாயா? முறுக்கினேன் சார். பத்தும் டக் என்று சொன்னதா? அங்கேதான் மாட்டிக்கொண்டான். சொன்னது என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். கண்ணை மூடி எண்ணிப் பார்த்தான், ஒன்று, இரண்டு, மூன்று, ஒவ்வொரு டக்கும் காதுக்குள் கேட்டது, ஒன்பது வரைக்கும் கேட்டது. பத்தாவது கேட்கவில்லை. அந்த இடத்தில் வேலு நின்றுகொண்டிருந்தான், டீ குடிக்கக் கூப்பிட வந்திருந்தான், ஏதோ சொன்னான், இவன் சிரித்தான், பிறகு இரண்டு பேரும் டீ குடித்தார்கள். நடுவில் பத்தாவது இருந்ததா இல்லையா? நினைவில்லை சார், என்றான். அதை எழுதிக்கொண்டார்கள். முறுக்கியவரின் கவனக்குறைவாக இருக்கலாம் என்று முடித்தார்கள். ‘இருக்கலாம்’ என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டிவிட்டான். ஆமாம் என்று எழுதியிருந்தால் அழுது தீர்த்திருப்பான், இல்லை என்று எழுதியிருந்தால் தூங்கியிருப்பான். நான்கு முடிந்ததா? கோடு நேராக இருக்கிறது, டக் கேட்டதே, ஆமாம் கேட்டது. எதற்கும் இன்னொரு தடவை வைத்து அழுத்தினான். டக்.

“அண்ணாச்சி.” லாரியின் டிரைவர் சுடலைமுத்து பின்னால் வந்து நின்றான், சாத்தான்குளத்துக்காரன், நேற்று ராத்திரி வரை வாய் ஓயாதவன், காலையிலிருந்து பேச்சே இல்லை. “கேப்டன் கேக்காரு, இன்னும் எத்தன நிமிசம்னு.”

“எத்தினி நட்டுக்கீதோ அத்தினி நிமிசம்னு சொல்லு.”

“அப்படியே சொல்லிறட்டா?”

“ஆறு நிமிசம்னு சொல்லு.”

அவன் போகவில்லை. “ஒண்ணும் அசையலல்லா, அண்ணாச்சி?” என்றான். தணிகாசலம் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினான். பாவம், பயல் காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைக்கிறான்.

செய்தது அவன்தான், ஆனால் என்ன செய்தான், அழகாக இருக்கட்டும் என்றுதானே செய்தான். மூன்று நாளைக்கு முன் ஜெனரல் இன்ஸ்பெக்ஷன். ஜெனரல் வருகிறார் என்றால் ராணுவத்தில் அசையாமல் நிற்கிற எதுவும் தப்பாது. பாதையோரக் கல்லுக்குக் காவியும் சுண்ணாம்பும் மாறி மாறி, மரத்துக்கு இடுப்புவரை வெள்ளை, தீயணைக்கிற வாளிக்குச் சிவப்பு, சமையல்கட்டுப் பூனை எழுந்து ஓடியதால் பிழைத்தது. லாரிகளின் சக்கரங்களைக் கழற்றிப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். வெளிப்பக்கம் மட்டும் அடித்தால் போதும். சுடலைமுத்து உள்பக்கமும் அடித்தான், சக்கரம் அச்சின் முனையில் இருக்கும் ஹப்போடு ஒட்டி உட்கார்கிற அந்தத் தட்டையான முகத்திலும், வஞ்சனை இல்லாமல் இரண்டு கோட்டு, அவனைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே. ஜெனரல் பார்த்தார், பளபளப்பு என்றார், போனார். அப்புறம், நேற்று, தணிகாசலம் ஒவ்வொரு நட்டையும் தன் கையால் முறுக்கினான், இருநூறு டக், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு டிக். இன்று விடியற்காலை கான்வாய் கூடுகிற இடத்துக்கு வண்டிகள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான் வந்தன. கிளம்புமுன் பழக்கதோஷத்தில் ஒரு சக்கரத்தில் ரெஞ்சை வைத்தான். நட்டு சுற்றியது. கால் சுற்று. நேற்று டக் சொன்ன நட்டு. விசாரணை மேஜையும் மூன்று பேரும் அந்தக் குளிரில் அவன் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்ததை வைத்தான், அதுவும் சுற்றியது. இருநூறில் நாற்பத்துமூன்று. ஒன்றென்றால் கை மறந்தது என்று சொல்லலாம். நாற்பத்துமூன்றையுமா கை மறக்கும், நோட்டில் டிக் இருக்க? ஒரு சக்கரத்தைக் கழற்றிப் புரட்டினான். உள்முகத்தில் பெயிண்ட் நசுங்கி, தோசைக்கல்லில் காந்திய மாவுபோல் ஓரமெல்லாம் சுருண்டு உரிந்திருந்தது. இரும்பும் இரும்பும் ஒட்டவே இல்லை. நடுவில் இருந்த பெயிண்டைத்தான் நட்டு இறுக்கிப் பிடித்திருக்கிறது, வண்டி ஓட ஓடப் பெயிண்ட் நசுங்க, நட்டு தளர்ந்திருக்கிறது. டக் பொய் சொல்லவில்லை, டக் சொன்ன நேரத்தில் இறுக்கம்தான். அந்த உரிந்த பச்சையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. அன்றைக்கு பிகானேரிலும் இன்ஸ்பெக்ஷன் முடிந்த மறுநாள்தானே என்று அப்போதுதான் உறைத்தது.

உறைத்ததை உடனே நம்பவில்லை. இனிக்கிற விஷயத்தை நம்ப அவனுக்குப் பயம். அன்றைக்கு ஒடிந்த போல்ட்டுகளைத்தான் மேஜைமேல் வைத்தார்கள், கழன்று ஓடிய சக்கரத்தின் உள்முகத்தை யாரும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. இனி அதைப் பார்க்க முடியாது. ஆனால் இதைப் பார்க்கலாம். பெயிண்டோடு நாற்பத்துமூன்று சுற்றியது, பெயிண்டைச் சுரண்டிவிட்டு அதே கையால் அதே அளவுக்கு முறுக்கினால் எத்தனை சுற்றும்? கேப்டனிடம் போய், எல்லாச் சக்கரத்தையும் கழற்ற வேண்டும், ஐந்து மணி நேரம் ஆகும் என்றான். நட்டை மட்டும் மறுபடி முறுக்கிவிட்டுக் கிளம்பினால் என்ன என்று கேட்டார். இன்னும் எட்டு கிலோமீட்டரில் மறுபடி தளரும் சார், அங்கே பள்ளம் இருக்கும். யார் அடித்தது இந்தப் பெயிண்டை? அந்தப் பக்கத்தில் சுடலைமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எல்லாருமாகச் சேர்ந்துதான் அடித்தோம் சார், என்றான் தணிகாசலம், அதில் பொய்யும் இல்லை. உங்கள் முறுக்கலில் தப்பு இல்லை என்று எப்படி நம்புவது என்று கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். அப்போதுதான் பட்டையைக் கழற்றிக் கொடுக்கிற அந்த வீர வசனம் வந்தது. பன்னிரண்டு பேர் கம்பி பிரஷ்ஷும் தகடும் வைத்துச் சுரண்டினார்கள், சுடலைமுத்து விரல் தோல் போகிற அளவுக்குச் சுரண்டினான், இரும்பு வெள்ளையாகச் சிரிக்கிற வரைக்கும் விடவில்லை. “நாந்தான் அண்ணாச்சி உள்ளயும் அடிச்சேன். பாக்க நல்லா இருக்கட்டும்னுதான்...” என்று ஒருதரம் பக்கத்தில் வந்து சொன்னான், மூக்கை உறிஞ்சினான். இவன் ஒரு சக்கரத்தை அவன் பக்கம் உருட்டிவிட்டான். சக்கரங்களை மாட்டி, இருநூறையும் மறுபடி முறுக்கி, கோடு போட்டுக் கிளம்பினார்கள். ஐந்து. டக். ஆறு. டக்.

ஏழாவதில் ரெஞ்சைப் பொருத்தினான். இப்போது ஒன்று சுற்றிவிட்டால்? ஒரே ஒன்று, நூல் அளவு. பட்டை போனால் போகட்டும், பட்டையைத் தேவகி டப்பாவில் போட்டு வைப்பாள். வண்டி இங்கேயே நின்றுபோகும், போஸ்டில் இருப்பவர்கள் நாளைவரை குளிரில் காத்திருப்பார்கள், அதற்குத் திட்டு வாங்கலாம். ஆனால் சுற்றிவிட்டால் பெயிண்ட் காரணம் இல்லை, கை காரணம். அன்றைக்கும் கை. ஊரில் வேலு வைத்திருக்கும் மளிகைக் கடையின் கல்லாவுக்குக் கீழே மடங்கியிருக்கும் அந்தப் பொய்க்கால் தன் கை செய்தது. பொங்கலுக்குப் பொங்கல் வேலுதான் போன் போடுவான், இவனாகப் போட்டதில்லை. “என்னாடா, இன்னும் எண்ணிக்கிட்டுதான் இருக்கியா” என்பான், “உடுடா, செருப்பு வாங்குறதுல பாதிக் காசு மிச்சம்” என்பான், பாதிக் காசுக்கு எவன் ஒற்றைச் செருப்பு தருகிறான், அது அவனுக்கும் தெரியும். ஏழு. டக். கோடு நேராக இருக்கிறது. எட்டாவதின் கோட்டை முதலில் பார்த்தான், கண் கலங்கிக் கோடு வளைவதுபோல் தெரிந்தது, துடைத்துக்கொண்டு பார்த்தால் ஸ்கேல் வைத்ததுபோல் நேர். டக். ஒன்பது. டக். இங்கேதான். எட்டு வருஷமாக இங்கே வந்துதான் நின்றுபோகிறது, ஒன்பதுக்கு அப்புறம் ஒரு வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டதுபோல, துணிக்கு இந்தப்பக்கம் வேலு நிற்கிறான். என்ன சொன்னான் அன்றைக்கு? ரெஞ்சைப் பத்தாவது நட்டில் பொருத்தினான். டீ குடிக்க வாடா என்றான். அதற்கு முன்னால்? கையை நீட்டிக் காட்டினான். ஆமாம், இரண்டு கையையும் முகத்துக்கு நேரே நீட்டினான். நகமெல்லாம் பச்சை. பாருடா மருதாணி, என்றான். “ராவெல்லாம் ஒக்காந்து என் வண்டிக்கு நானே அடிச்சேன், உள்ளே வெளியே ஒரு எடம் உடல, கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்குது பாரு.” அதற்குத்தான் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுத்தினான், கை அழுத்திக்கொண்டுதான் இருந்தது, கை எப்போது நிறுத்தியது, கை நிறுத்துகிற ஜாதியா, சிரிப்புக்கு அடியில் ஒரு சத்தம் இருந்தது, வேலு சொல்லி முடித்த அந்த ‘பாரு’வின் மேலேயே விழுந்த சத்தம். இப்போது அழுத்தினான். நட்டு மலைபோல நின்றது. டக்.

டக். இரண்டும் ஒன்றாகக் கேட்டன, இன்றையதும் அன்றையதும். ரெஞ்சை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இருநூறு. ஒன்றுகூட அசையவில்லை. நான் முறுக்கினேன், பத்தையும் முறுக்கினேன், என் கை மறக்கவில்லை. எழுந்து அந்த ஆற்றைப் பார்த்து ஒரு கத்து கத்தலாம் போலிருந்தது, நாற்பத்தொரு வயசில் ஒரு ஹவில்தார் அப்படிக் கத்தினால் ஸ்டிரெச்சரில் ஏற்றிவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டான். அடக்கியும் சிரிப்பு பல்லைத் தள்ளிக்கொண்டு வந்தது. உடம்பில் இத்தனை காற்று போக இடம் இருந்ததா, எட்டு வருஷம் அரை மூச்சிலேயே ஓட்டியிருக்கிறேனே என்று ஆச்சரியமாக இருந்தது. சுடலைமுத்து ஓடிவந்து அவன் முகத்தைப் பார்த்தான், பார்த்ததும் பயல் முகமும் மலர்ந்தது, வேறு ஒன்றும் கேட்காமல் முதல் லாரியைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். பன்னிரண்டு பேரும் லாரித் தகரத்தைத் தட்டினார்கள், ஒருவன் விசில் அடித்தான். கேப்டன் சௌகான் நடந்து வந்தார். தானே குனிந்து பத்துக் கோடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், விரலால் தொட்டும் பார்த்தார். சக்கரத்தின் உள்முகத்தில் பெயிண்ட் கூடாது என்று உங்கள் பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள், நான் எல்லா ஒர்க்‌ஷாப்புக்கும் அனுப்ப ஏற்பாடு செய்கிறேன், என்றார். பிறகு அவன் சட்டைக் கையில் இருந்த பட்டையை ஒரு விரலால் தட்டி, இது இங்கேயே இருக்கட்டும் என்று சிரித்தார். பத்து நிமிஷத்தில் கிளம்ப வேண்டும் என்றும் சொன்னார்.

பத்து நிமிஷம். போனை எடுத்துப் பார்த்தான், இரண்டு கோடு சிக்னல் இருந்தது. இப்போதே சொல்ல வேண்டும், உலகத்திலேயே முதலில் அவனுக்குத்தான் சொல்ல வேண்டும். டேய் வேலு, நான் இல்லைடா, பெயிண்ட்டா. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான், சுடலைமுத்து எதிரே கல்லில் உட்கார்ந்து, காயம்பட்ட விரல்களை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். நகத்தில் இன்னும் பச்சை இருந்தது. ராவெல்லாம் ஒக்காந்து என் வண்டிக்கு நானே அடிச்சேன். அடப்பாவி. காலும் கொடுத்துவிட்டு இதையும் அவன் தலையில் வைப்பதா?

“அலோ, யாரு? டேய், தணிகாவா? என்னாடா, பொங்கலுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கு.” பின்னால் கடையில் யாரோ அரைக் கிலோ வெல்லம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“சும்மாதான்டா. சாப்ட்டியா?”

“இதக் கேக்கவா மலையிலேந்து போன் போட்ட?”

“எரநூறு நட்டு முறுக்கனேன் வேலு. அம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்தாச்சு. ஒண்ணுகூட அசையல.”

“பத்தாவதுமா?” என்றான் வேலு.

“பத்தாவதும். அன்னிக்கும் முறுக்கனேன்டா. இப்பதான் நெனப்பு வந்துச்சு. நீ டீக்குக் கூப்டச் சொல்லோ டக்குனு சத்தம் கேட்டுச்சு.”

“நான்தான் அன்னைக்கே சொன்னேனே, நீ முறுக்காம உட்டிருக்க மாட்டேன்னு. கேட்டியா நீ?” மூக்கைச் சிந்திக்கொண்டு, “அப்ப அது எப்படிடா கழண்டுச்சு?” என்றான்.

சுடலைமுத்து விரலை ஊதிக்கொண்டிருந்தான். முதல் லாரி என்ஜினைப் போட்டது, இரண்டாவது, மூன்றாவது.

“ரோடு சரியில்லடா, வேலு” என்றான் தணிகாசலம். “அவ்ளோதான். ரோடு சரியில்ல.”

“அதான பார்த்தேன்” என்றான் வேலு. “நாசமாப்போன ரோடு.” இரண்டு பேரும் சேர்ந்து அந்த ரோட்டைக் கொஞ்ச நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். போனை வைத்துவிட்டு ரெஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, ஐந்தாவது லாரியில் சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். கேட்டைத் தாண்டும்போது ஒன்றே முக்கால். அதற்கப்புறம் இடது பக்கம் பள்ளம்தான், வண்டி வளைவுக்கு வளைவு அதன் விளிம்பை ஒட்டிப் போயிற்று, பின்னால் அந்தச் சக்கரம் உருண்டுகொண்டே வந்தது. மூன்றாவது வளைவுக்குள் தணிகாசலம் தூங்கிப்போயிருந்தான்.